ரோட் ராஷை மறுபடி ஓடவைக்கும் வித்தை

சென்னையில் பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் ஐ.டி. வேலைக்குப் போகிறவர்களில் நாற்பதை ஒட்டிய வயதுக்காரர் யாரிடமாவது 'ரோட் ராஷ்' என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும். பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, பக்கத்தில் வரும் பைக்காரனை எட்டி உதைத்து, போலீஸ் கையில் சிக்காமல் பறந்த பந்தயம் அது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அதை 1991இல் செகா விளையாட்டுக் கருவிக்காகக் கொண்டுவந்தது. நம் ஊர்க் கணினிகளில் ஓடியது 1996இல் விண்டோஸ் 95க்காக வந்த பதிப்பு. பசிபிக் கடற்கரை நெடுஞ்சாலை, சியரா நெவாடா, நாப்பா பள்ளத்தாக்கு என்று கலிஃபோர்னியாவின் சாலைகளைத் தாம்பரத்துப் பிள்ளைகளும் பல்லாவரத்துப் பிள்ளைகளும் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்த காலம்.

அந்த விளையாட்டின் கோப்புகளை இன்றைய மடிக்கணினியில் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரு நொடி திரை கறுக்கும், பிறகு ஒன்றும் நடக்காமல் போகலாம். வண்ணங்கள் தாறுமாறாகத் தெரியலாம். நிறுவும் நிரலே 'இது உங்கள் கணினியில் இயங்காது' என்று கையை விரிக்கலாம். இத்தனைக்கும் கோப்பில் எந்தக் குறையும் இல்லை. மென்பொருள் துருப்பிடிக்காது, தேயாது. சரியாக நகலெடுத்திருந்தால் 1996இல் இருந்த ஒரு பிட்கூட இன்றுவரை மாறியிருக்காது. மாறியதெல்லாம் அதைச் சுற்றியிருந்த உலகம். கடிகாரம், திரை, வண்ணம், தட்டு, இயங்குதளம் என எதையெல்லாம் அந்த நிரல் எழுதியவர்கள் 'இது எப்போதும் இருக்கும்' என்று நம்பினார்களோ, அவை ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன. பழைய விளையாட்டை ஓடவைப்பது என்றால், அந்த உலகத்தைப் புதுக் கணினிக்குள் மறுபடி உண்டாக்குவது. அதற்காக மனிதர்கள் செய்திருக்கும் வேலைகளைப் பார்த்தால் வாய் பிளந்துவிடும்.

நல்ல செய்தியிலிருந்து தொடங்கலாம். எந்த விண்டோஸ் நிரலையும் பைட் பைட்டாகத் திறந்து பார்த்தால், முதல் இரண்டு எழுத்துகள் 'எம்', 'இஸட்' என்று இருக்கும். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் காலத்தில் அவர் வடிவமைத்த கோப்பு அமைப்பின் அடையாளம். நேற்று வெளியான நிரலிலும் அந்த இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. அவற்றை அடுத்து, 'இந்த நிரலை டாஸில் இயக்க முடியாது' என்று சொல்வதற்கென்றே ஒரு குட்டி டாஸ் நிரலும் ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய உலகத்தின் மிச்சங்கள் இப்படிப் புதிய கணினிக்குள் ஏராளமாக இருக்கின்றன. நமக்குக் கைகொடுப்பவை அவைதாம்.

முதல் தடை, நிறுவும் நிரல். 1990களின் நடுவில் வந்த விளையாட்டுகள் பலவற்றில் விளையாட்டு 32 பிட் நிரலாக இருக்கும். அதைக் கணினியில் நிறுவும் 'செட்டப்' மட்டும் அதற்கு முந்தைய தலைமுறையின் 16 பிட்டாக இருக்கும். விண்டோஸ் 3.1 வைத்திருப்பவர்களுக்கும் அது திறந்து ஒரு செய்தியாவது காட்ட வேண்டுமே என்ற ஏற்பாடு. 64 பிட் விண்டோஸோ 16 பிட் நிரல்களை இயக்குவதில்லை. விண்டோஸ் 11இல் 64 பிட்டைத் தவிர வேறு பதிப்பே கிடையாது. ஆக, விளையாட்டு ஓடத் தயார். உள்ளே விடும் வாசல்தான் பூட்டியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் இதற்கு ஒரு வழி செய்தது. அந்தக் காலத்தில் பலரும் பயன்படுத்திய சில நிறுவும் நிரல்களை 64 பிட் விண்டோஸுக்கு அடையாளம் தெரியும். அவற்றில் ஒன்றைத் திறந்தால், அதன் 32 பிட் பதிப்பைத் தன்னிடமிருந்து எடுத்து, சத்தமில்லாமல் அந்த இடத்தில் வைத்து ஓட்டிவிடும். பயனருக்கு ஆள் மாறியதே தெரியாது.

விளையாட்டுக் கோப்பை வலது சொடுக்கி, 'பிராப்பர்ட்டீஸ்' போய், 'கம்பாட்டிபிலிட்டி' பக்கத்தைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் இன்றும் விண்டோஸ் 95 இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்ததும் விண்டோஸ் அந்த விளையாட்டிடம் பொய் சொல்ல ஆரம்பிக்கும். 'நீ எந்தப் பதிப்பு?' என்று விளையாட்டு கேட்டால், '95' என்று பதில் வரும். பழைய நிரல்கள் பல பதிப்பு எண்ணைச் சரியாக ஒப்பிடத் தெரியாமல், எதிர்பாராத எண்ணைக் கண்டதும் நின்றுவிடும். அவற்றுக்கு இந்த ஒரு பொய்யே போதும்.

பழைய நிரல்கள் மீதான இந்தப் பரிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சிம்சிட்டி விளையாட்டின் கதையைச் சொல்லலாம். அதன் விண்டோஸ் பதிப்பை எழுதிய ஜான் ராஸ் தன் நிரலில் ஒரு பிழையை விட்டுவிட்டார். 'இந்த நினைவகம் எனக்கு வேண்டாம்' என்று திருப்பிக் கொடுத்த இடத்தையே மறுபடி படிக்கும் பிழை. பழைய விண்டோஸில் அந்த இடத்தை வேறு யாரும் உடனே எடுத்துக்கொள்ளாததால் பிழை வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 95 சோதனையில் விளையாட்டு விழுந்தது. மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் சிம்சிட்டியைத் திருத்தவில்லை, விண்டோஸைத் திருத்தினார்கள். சிம்சிட்டி ஓடுகிறது என்று தெரிந்தால், திருப்பிக் கொடுத்த நினைவகத்தை உடனே பிறருக்கு வழங்காமல் வைத்திருக்கும்படி இயங்குதளத்துக்குள்ளேயே எழுதிவைத்தார்கள். ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற மென்பொருள் எழுத்தாளர் இதைப் பதிவுசெய்திருக்கிறார்.

அடுத்து, வண்ணம். அன்றைய விண்டோஸ் பந்தய விளையாட்டுகள் பலவும் திரையில் ஒரே நேரத்தில் 256 வண்ணங்களைத்தான் காட்டின. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பைட். அந்த பைட்டில் வண்ணம் இருக்காது. ஒரு வரிசை எண் இருக்கும். அந்த எண்ணுக்கு எந்த வண்ணம் என்பதைச் சொல்லும் அட்டவணை தனியே இருக்கும். இதை நிறப்பட்டியல் என்று சொல்லலாம். 640க்கு 480 புள்ளிகள் கொண்ட முழுத்திரைக்கு 3,07,200 பைட் போதும். இன்றைய 1920க்கு 1080 திரைக்குப் புள்ளிக்கு 4 பைட் வீதம் 82,94,400 பைட் வேண்டும். சரியாக 27 மடங்கு.

இந்தச் சிக்கனத்துக்குள் ஓர் அழகு உண்டு. பட்டியலில் ஒரே ஒரு வரியை மாற்றினால், திரையில் அந்த எண்ணுள்ள புள்ளிகள் அத்தனையும் அதே கணத்தில் நிறம் மாறும். படத்தைத் திரும்ப வரையாமலே நீரை ஓடவிடலாம், விளக்கை மின்னவைக்கலாம், பகலை மாலையாக்கலாம். ஆனால் பட்டியல் கணினிக்கு ஒன்றுதான். எல்லாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் அதில் 20 இடங்களைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும். விண்டோஸ் 7 காலத்தில், விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே டெஸ்க்டாப்பைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் நிரலும் அந்தப் பட்டியலில் கைவைக்கும். புல் ஊதாவாகும், மனித முகம் பச்சையாகும். விளையாடுபவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் எளிமையானது: முதலில் எக்ஸ்ப்ளோரரை மூடுவது, விளையாடி முடித்ததும் திறப்பது. இதற்கென்றே இரண்டு மூன்று வரியில் குட்டி நிரல்கள் எழுதிப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி பின்னால் வந்தது. அன்றைய விளையாட்டுகள் திரையில் வரைவதற்கு 'டைரக்ட்டிரா' என்ற சேவையைக் கேட்கும். அந்தச் சேவை ஒரு டி.எல்.எல். கோப்பில் இருக்கும். பல நிரல்கள் பொதுவில் பயன்படுத்தும் வேலைகளைத் தொகுத்துவைத்த கோப்புக்குத்தான் அந்தப் பெயர். விளையாட்டு அதைத் தேடும்போது, விண்டோஸ் முதலில் பார்ப்பது விளையாட்டு இருக்கும் அதே கோப்புறையைத்தான். அங்கே அதே பெயரில் வேறொரு கோப்பை நாமே வைத்துவிட்டால்? விளையாட்டு அதைத்தான் அசல் என்று நம்பி எடுத்துக்கொள்ளும். டிஜிவூடூ, டிடிராகம்பாட் போன்றவை இப்படிப்பட்ட மாற்றுக் கோப்புகள். இவற்றை இடையீட்டுக் கோப்புகள் எனலாம். 1996இன் கட்டளையை வாங்கி, இன்றைய வரைகலை அட்டைக்குப் புரியும் கட்டளையாக மாற்றி, நொடிக்குப் பல ஆயிரம் முறை கைமாற்றிக்கொண்டே இருக்கும். விளையாட்டின் நிரலில் ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டாம்.

இல்லாமல் போன ஒரு நிறுவனத்தின் வன்பொருளையே இந்த வழியில் மீட்டிருக்கிறார்கள். 1996இல் திரீடிஎஃப்எக்ஸ் நிறுவனம் 'வூடூ' என்ற முப்பரிமாண அட்டையை வெளியிட்டது. அதன் நினைவகம் 4 எம்.பி. இன்று 8 ஜி.பி. அட்டையை வைத்திருப்பவரிடம் அதைப்போல் 2,048 மடங்கு இருக்கிறது. வூடூவால் சாதாரணத் திரைகளைக் காட்டவே முடியாது; அதற்குப் பழைய அட்டை தனியே இருக்க வேண்டும். அதன் படத்தை ஒரு கேபிள் வழியே வாங்கித் திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்து, பந்தயம் தொடங்கியதும் தன் படத்தை அனுப்பும். 1997இல் வந்த 'நீட் ஃபார் ஸ்பீட் 2' கார் பந்தயத்தின் சிறப்புப் பதிப்பு, இந்த அட்டையோடு 'கிளைட்' என்ற அதன் தனி மொழியிலேயே பேசும். 2000 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் சொத்துகளை என்விடியா வாங்குவதாக அறிவித்தது. கிளைட் புழக்கத்திலிருந்து போனது. இன்று என்கிளைட் போன்ற இடையீட்டுக் கோப்பைப் போட்டால், விளையாட்டு 'வூடூ இருக்கிறதா?' என்று கேட்கும், 'இருக்கிறது' என்று பதில் வரும், கார் ஓடும்.

இன்னும் பின்னால், டாஸ் காலத்துக்குப் போனால் சிக்கல் தலைகீழ். விளையாட்டு ஓடும், ஆனால் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் ஓடும். 1981இன் ஐபிஎம் கணினி நொடிக்கு 47.7 லட்சம் துடிப்புகளில் இயங்கியது. இன்றைய 3 கிகாஹெர்ட்ஸ் கணினிக்கு 300 கோடி. சுமார் 630 மடங்கு. சோழிங்கநல்லூரிலிருந்து பெரும்பாக்கம் வழியாக மேடவாக்கத்துக்கு 20 நிமிடத்தில் போகும் பஸ், இந்த வேகத்தில் இரண்டே நொடியில் போய்ச் சேர்ந்துவிடும். அன்றைய நிரலாளர்கள் சிலர் நேரத்தை அளக்க 'ஒன்றிலிருந்து பத்தாயிரம்வரை எண்ணு, பிறகு காரை நகர்த்து' என்று எழுதிவிட்டார்கள். கணினி வேகமானதும் எண்ணிக்கை சட்டென்று முடிந்து கார் பறந்தது. பழைய கணினிப் பெட்டிகளில் 'டர்போ' என்று ஒரு பொத்தான் இருந்தது நினைவிருக்கிறதா? இத்தகைய நிரல்களுக்காகக் கணினியை மெதுவாக்கிக்கொள்வதற்கு அது இருந்தது.

இன்னும் கவனமாக எழுதியவர்கள் கணினியின் நேரக்கணிப்பானைப் பயன்படுத்தினார்கள். அதன் துடிப்பு நொடிக்கு 11,93,182. ஏன் இப்படி ஒரு விநோத எண்? ஐபிஎம் பொறியாளர்கள் 14.31818 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் படிகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அதை மூன்றால் வகுத்தால் செயலிக்கான வேகம். பன்னிரண்டால் வகுத்தால் நேரக்கணிப்பான். நான்கால் வகுத்தால் 3.58 மெகாஹெர்ட்ஸ், அது அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் நிறத்துடிப்பு. கணினியை வீட்டுத் தொலைக்காட்சியோடும் இணைக்கலாம் என்பதற்காக ஒரே படிகத்தில் மூன்று வேலை. 1982இல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது இந்தியா எடுத்துக்கொண்டது வேறு முறை, அந்த 3.58க்கு நம் தொலைக்காட்சியில் வேலையே இல்லை. ஆனாலும் இன்றைய கணினிகளுக்கான மின்மேலாண்மைத் தரவரையறை தன் நேரக்கணிப்பானுக்கு அதே 3.579545 மெகாஹெர்ட்ஸைத்தான் குறிப்பிடுகிறது. நம் வீட்டு மடிக்கணினிக்குள்ளும் அமெரிக்கத் தொலைக்காட்சியின் எண் இருக்கிறது.

வேகச் சிக்கல் அந்தத் தலைமுறையோடு முடியவில்லை. 2013இல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் ரைவல்ஸ், நொடிக்கு 30 படம் என்று கணக்கிட்டு எழுதப்பட்டது. விளையாடுபவர்கள் அதை 60க்கு உயர்த்தியதும், கார்கள் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடின.

டாஸ் விளையாட்டுகளுக்கு முழுமையான தீர்வு 2002இல் முதலில் வெளியான டாஸ்பாக்ஸ். இது ஓர் எமுலேட்டர். ஒரு கணினியின் நடத்தையை மென்பொருளாலேயே அப்படியே செய்துகாட்டுவது. தமிழில் போன்மி எனலாம். செயலி, நேரக்கணிப்பான், ஒலி அட்டை என்று எல்லாம் அதற்குள் பாவனையாக இருக்கும். ஒரு மில்லிநொடிக்கு எத்தனை கட்டளைகளை நிறைவேற்ற வேண்டும் என்று நாமே சொல்லலாம். எளிய நிரல்களுக்கு அது எடுத்துக்கொள்வது 3,000. கண்ட்ரோல் விசையோடு எஃப்12ஐ அழுத்தினால் கார் வேகமெடுக்கும், எஃப்11ஐ அழுத்தினால் தணியும். இதைப் பார்த்ததே இல்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கல்லூரி ஆய்வகத்தில் நீலத் திரையோடு திறக்கும் டர்போ சி++ நினைவிருக்கிறதல்லவா? புதிய கணினிகளில் அது பெரும்பாலும் டாஸ்பாக்ஸுக்குள்தான் ஓடுகிறது.

டாஸ்பாக்ஸ் எவ்வளவு நுணுக்கமாகப் பாவனை செய்ய வேண்டும் என்பதற்கு ஜாய்ஸ்டிக் நல்ல எடுத்துக்காட்டு. அன்றைய ஜாய்ஸ்டிக்கில் எண் எதுவும் இல்லை. ஒரு மின்தடை மட்டும்தான். கைப்பிடியைத் திருப்பினால் தடை மாறும். அந்தத் தடை வழியே ஒரு மின்தேக்கி நிரம்பும். தடை அதிகமென்றால் நிரம்ப நேரமாகும். அதிகபட்சம் ஒரு மில்லிநொடிக்குச் சற்று மேல். அது நிரம்பும்வரை கணினி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எங்கே எண்ணிக்கை நின்றதோ, அதுதான் வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதற்கான விடை. கணினியின் வேகம் மாறினால் எண்ணிக்கையும் மாறும். அதனால்தான் ஆட்டம் தொடங்கும் முன் கைப்பிடியை நான்கு மூலைக்கும் ஆட்டச் சொன்னார்கள். இன்றைய யு.எஸ்.பி. கைப்பிடி நேராக எண்ணையே அனுப்பிவிடுகிறது. போன்மி அந்த எண்ணை வாங்கி, இல்லாத மின்தேக்கி ஒன்று நிரம்பும் நேரமாக மாற்றி விளையாட்டிடம் கொடுக்கிறது.

ஓடிவிட்டது என்று மூச்சுவிட்டால், சக்கரம் வட்டமாக இல்லையே! டாஸ் விளையாட்டுகள் பல 320க்கு 200 புள்ளிகளில் வரையப்பட்டவை. அன்றைய 4:3 திரை அந்தப் புள்ளிகளை அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமாகக் காட்டியது. ஓவியர்களும் அதற்கேற்பச் சக்கரத்தைச் சற்றுத் தட்டையாகவே வரைந்தார்கள்; திரையில் அது வட்டமானது. இன்றைய திரையின் புள்ளிகள் சதுரம். அப்படியே போட்டால் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு குறைந்து கார் நசுங்கித் தெரியும். 200 வரியை 240ஆக இழுக்கச் சொல்லும் ஒரு தெரிவை டாஸ்பாக்ஸில் போட்டால், ஓவியர் நினைத்த வட்டம் திரும்பிவிடும்.

கடைசித் தடை, தட்டு. சிடி விளையாட்டுகள் சிலவற்றில் முதல் தடத்தில் நிரல், மற்றத் தடங்களில் சாதாரண ஆடியோ சிடிபோலவே பாட்டு. சிடி டிரைவே பாட்டை வாசித்து, ஒரு மெல்லிய கம்பி வழியே ஒலி அட்டைக்கு அனுப்பும். செயலிக்கு வேலை இல்லை. இத்தகைய தட்டை ஐ.எஸ்.ஓ. கோப்பாகப் படியெடுத்தால் நிரல் மட்டும்தான் வரும், பாட்டு போய்விடும். பின், கியூ என்ற இரட்டைக் கோப்பாக எடுத்தால்தான் எல்லாத் தடமும் கிடைக்கும். இன்னொரு சிக்கல், 'சேஃப்டிஸ்க்' பூட்டு. கள்ளப் பிரதியைத் தடுக்க அது 'டிரைவர்' என்ற வகை நிரல் ஒன்றை விண்டோஸின் அடியாழத்தில் ஓட்டியது. அங்கே ஓட்டை இருந்தால் கணினி முழுவதற்கும் ஆபத்து. எனவே விண்டோஸ் 10இல் அதற்கு இடமில்லை. 2015இல் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தின் மூலம் விண்டோஸ் 7, 8இலும் முடக்கினார்கள். காசு கொடுத்து வாங்கிய அசல் தட்டுகள் பல அன்றோடு ஓடாமல் போயின.

விண்டோஸே இல்லாமல் ரோட் ராஷ் ஓடுமா? ஓடவைக்கலாம். 1993இல் தொடங்கிய 'வைன்' என்ற திட்டம் விண்டோஸின் சேவைகளை லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்துக்காகப் புதிதாக எழுதியது. விளையாட்டு விண்டோஸிடம் கேட்பதாக நினைத்துக் கேட்கும். லினக்ஸ் பதில் சொல்லும். விண்டோஸ் 11 உள்ளே விடாத 16 பிட் நிரல்கள் பலவற்றை வைன் ஓட்டும். லினக்ஸ் நமக்கு அந்நியமும் இல்லை. தாம்பரத்துக்குப் பக்கத்தில், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தின. 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸ் சி-டாக்கிலிருந்து வந்தது. தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றது.

வெறும் விளையாட்டுக்கு இத்தனை மெனக்கெடலா என்று கேட்பவர்களுக்கு, நம் மொழியிலிருந்தே பதில் சொல்லலாம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற எழுத்துக் குறியாக்கங்கள் தரமாக வந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடு, டேஸ்16 என்ற குறியாக்கங்களுக்கு மாறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதிய கதைகள், கட்டுரைகள், அலுவலகக் கடிதங்களை இன்று திறந்தால் புரியாத குறிகள் வரிசையாக நிற்கும். அவற்றிலும் ஒரு பிட் மாறவில்லை. அந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்ற உடன்பாடுதான் மறைந்துவிட்டது. பழைய நிறப்பட்டியலுக்கு நேர்ந்ததும் இதுவே. பழைய குறியாக்கத்தைப் புதியதாக்கும் எழுத்துரு மாற்றியை எழுதியவரும் இடையீட்டுக் கோப்பை எழுதியவரும் செய்தது ஒரே வேலை. பெரும்பாக்கத்தில் 2022 ஜனவரி முதல் புதுக் கட்டடத்தில் இயங்கும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் ஈராயிரம் ஆண்டு இலக்கியத்தைப் பேணுகிறது. நேற்றைய முப்பது ஆண்டுகளின் எண்ணிமத் தமிழைப் பேணுவதற்கு, ரோட் ராஷை ஓடவைத்தவர்களின் இந்தத் திறமை நமக்கு வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய சிடி இருந்தால், அது விளையாட்டோ, அப்பா தட்டச்சு செய்த ஆவணமோ, எதுவானாலும் இந்த வாரமே யாரிடமாவது சிடி டிரைவ் வாங்கி முழுத் தட்டையும் படியெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். எல்லாத் தடமும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை ஓட்டவும் படிக்கவும் வழி கண்டுபிடிக்க ஆட்கள் இருக்கிறார்கள், இனியும் வருவார்கள். தட்டில் இருப்பது அழிந்துபோனால் மட்டும் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.